வரிசையில் வாடாமல் வாசல் தாண்டலாம்!

எங்கள் ராதாபுரம் பக்கத்தில் வெளிநாட்டுப் பிரயாணம் என்பது இப்போது பெரிய விஷயமில்லை. வள்ளியூருக்குப் போய் ஜவுளி எடுத்து வருகிற மாதிரி ஷார்ஜாவுக்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் வருகிறார்கள். முன்பெல்லாம் சம்பாதிக்கப் போகிற ஆண்பிள்ளைகள்தான் விமானம் ஏறினார்கள். இப்போது மகளின் பிரசவத்துக்கு, மருமகள் வேலைக்குப் போகும்போது பேரனைப் பார்த்துக்கொள்ள, பெண்டாட்டி பிள்ளைகளோடு லீவுக்கு என்று பெண்களாகிய நாமும் வருஷத்துக்கு ஒரு தரமாவது கடல் தாண்டுகிறோம். நானே ஷார்ஜாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு வருஷத்தில் ஐந்து தடவை போய் வந்துவிட்டேன்.

போய் வந்தவர்களிடம் எது கஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அடுத்த வீட்டு மதினி சொல்வது போலத்தான் எல்லோரும் சொல்வார்கள். "ஏளா, பிளேன்ல நாலு மணி நேரம் உக்காந்துரலாம். எறங்கின பொறவு அந்தப் பாஸ்போர்ட்டுக்காரன் முன்னால வரிசையில நிக்கோம் பாரு, அதுதான் உசிரு போவுது!"

இந்த வரிசையைத் தாண்டிப் போக இப்போது நம் நாட்டிலேயே ஒரு வழி வந்திருக்கிறது. பணம் கட்ட வேண்டாம், சிபாரிசு வேண்டாம். அது பெரிய கம்பெனி அதிகாரிகளுக்கும் சினிமாக்காரர்களுக்கும் மட்டும் உரியது என்று நம் பெண்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. உங்களுக்கும் எனக்கும் உரியதுதான். ஆனால் ஒன்று: அவசரம் வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய காரியம் இது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

வரிசை ஏன் நீளுகிறது?

விமான நிலையத்தில் நாம் பல இடங்களில் நிற்கிறோம். டிக்கெட்டைக் காட்டிப் பெட்டி போடும் இடம் ஒன்று. உடம்பையும் கைப்பையையும் சோதிக்கும் இடம் இன்னொன்று. இவை இரண்டும் தவிர, வெளிநாடு போகிறவர்களும் வருகிறவர்களும் மட்டும் நிற்க வேண்டிய இடம்தான் இமிக்ரேஷன் என்கிற குடியேற்றச் சோதனை. அங்கே இருக்கும் அதிகாரி, பாஸ்போர்ட் அசல்தானா, முகம் அதில் உள்ள முகம்தானா, விசா சரியா, இந்த ஆளைத் தடுத்து நிறுத்தச் சொல்லி எங்கிருந்தாவது உத்தரவு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு முத்திரை குத்துகிறார். ஓர் ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றால்கூட, நமக்கு முன்னால் நாற்பது பேர் நின்றால் கணக்கு என்னவாகும்! அதிலும் வளைகுடாவிலிருந்து வரும் விமானங்கள் பல விடியற்காலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்குகின்றன. மூன்று விமானத்து ஜனம் ஒரே கூடத்தில் நிற்கும்போது எந்த அதிகாரியையும் குறை சொல்லிப் பயனில்லை.

இப்படி நின்று தவிப்பது நமக்குப் புதிதும் இல்லை. நம் தாத்தா காலத்தில் இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களை மண்டபம் முகாமில் தங்க வைத்து, வியாதி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற விட்டார்கள். நாட்கணக்கில் காத்திருந்த காலம் போய் மணிக்கணக்கு ஆகியிருக்கிறது. அதை நிமிஷக் கணக்காக ஆக்குவதுதான் இந்தப் புது வழி.

யோசித்துப் பார்த்தால் இது நம் அடுப்படி யுக்திதான். காலையில் எழுந்து அரிசி ஊறப் போட்டு அரைத்து இட்லி வைக்க முடியுமா? முந்தின நாளே அரைத்து வைத்துவிட்டால் காலையில் பத்து நிமிஷத்தில் வேலை முடிகிறது. அதேபோல, அடிக்கடி போய் வருகிற ஒருவரைப் பற்றிய விசாரணையை முன்கூட்டியே சாவகாசமாக முடித்து, கைரேகையையும் முகத்தையும் பதிந்து வைத்துக்கொண்டால், வாசலில் 'இவர் அவர்தானா' என்று மட்டும் இயந்திரம் பார்த்தால் போதும்.

உலகத்தில் இது சில காலமாகவே நடக்கிறது. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் 2001-ல் கண்ணின் கருவிழியைப் பார்த்து உள்ளே விடும் முறை வந்தது. ஹாங்காங்கில் 2004-ல் தானியங்கிக் கதவுகள் வந்தன. அமெரிக்காவில் 'குளோபல் என்ட்ரி' என்ற திட்டம் 2008-ல் தொடங்கியது. நம் நாட்டில் உள்துறை அமைச்சர் அமித் ஷா 2024 ஜூன் 22-ஆம் தேதி டெல்லி விமான நிலையத்தில் இதைத் தொடங்கி வைத்தார். 'ஃபாஸ்ட் டிராக் இமிக்ரேஷன் – டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்' என்று பெயர். நம்பிக்கைக்குரிய பயணிகளுக்கான விரைவு வழி என்று வைத்துக்கொள்ளலாம். 2025 ஜனவரி 16-ல் சென்னை, மும்பை, கொல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், கொச்சி, அகமதாபாத் ஆகிய ஏழு ஊர்களுக்கும் வந்தது. நமக்கு நல்ல சேதி அதற்குப் பிறகுதான். 2025 செப்டம்பர் 11-ல் திருவனந்தபுரம், திருச்சி, கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்தன.

திருவனந்தபுரம் எங்களுக்கு எவ்வளவு பக்கம்! காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், களியக்காவிளை என்று சுமார் நூறு கிலோமீட்டர். எங்கள் பகுதியில் வளைகுடா போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வழியாகத்தான் போகிறார்கள். ஆகவே இது சென்னைக்காரர்களுக்கு வந்த சௌகரியம் என்று சும்மா இருந்துவிட முடியாது.

ஒரு மணி நாற்பது நிமிஷம்

வரிசையில் ஒரு மணி நேரம் போனால் என்ன, வீட்டுக்குத்தானே போகிறோம் என்று சிலர் கேட்கலாம். விசேஷத்துக்கு வரும்போது அப்படிச் சொல்லலாம். துக்கத்துக்கு வரும்போது?

2018-ல் என் மாமியார் காலமானார்கள். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சின்னக் கொழுந்தனார் அப்போது தம்மாமில் வேலையாக இருந்தார். கடைசிப் பிள்ளை, செல்லப் பிள்ளை. கம்பெனியில் கையெழுத்து வாங்கி, கிடைத்த விமானத்தில் ஏறி, விடியற்காலை ஒரு விமான நிலையத்தில் வந்து இறங்கினார். இறங்கியதும் போன் பண்ணினார். "மதினி, வந்துட்டேன். எடுத்துராதீங்க" என்றார். அதன் பிறகு அவர் இமிக்ரேஷன் வரிசையிலேயே ஒரு மணி நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார். முன்னால் நிற்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லி வழி கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அப்படிப்பட்ட சுபாவம்.

இங்கே வெயில் ஏறிக்கொண்டே போகிறது. மூன்று நாளாக வைத்திருக்கிறது, இனித் தாங்காது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நீர்மாலை எடுத்து, குளிப்பாட்டி, தூக்கியாயிற்று. கொழுந்தனாரின் கார் ஊருக்குள் நுழைந்தபோது தெருமுனையில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. நடுரோட்டில் இறக்கி வைத்துத்தான் அம்மா முகத்தைப் பார்த்தார். காலில் தண்ணீர் ஊற்ற அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. இன்றைக்கும் திதி கொடுக்கும்போதெல்லாம் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்.

அப்போது நம் நாட்டில் இந்த விரைவு வழி கிடையாது. இப்போது இருக்கிறது. அந்த ஒரு மணி நாற்பது நிமிஷத்தின் விலை என்ன என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அதனால்தான் தாகம் எடுத்தபின் கிணறு தோண்ட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்கிறேன்.

எப்படிச் சேருவது?

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களும், ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் வெளிநாட்டு இந்தியர்களும் சேரலாம். அமெரிக்கக் குடிமகனாகப் பிறந்து ஓ.சி.ஐ. வாங்கிய பேரனுக்கும் வழி இருக்கிறது என்பது இதனால் தெரிகிறது. கட்டணம் எதுவும் இல்லை.

விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில்தான். முகவரியின் முடிவில் 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் யாராவது 'ஐந்நூறு கொடுங்கள், ஆயிரம் கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்' என்றால் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டர் சென்டரில் டைப் செய்து தருவதற்கு நியாயமான கூலி கொடுக்கலாம். அரசுக்குக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

விண்ணப்பிக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாதமாவது ஆயுள் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், உங்கள் புகைப்படம், இப்போது இருக்கும் விலாசத்துக்கு அத்தாட்சி ஆகியவற்றைத் தெளிவாக ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மங்கலாக இருந்தாலோ, விவரங்கள் பாஸ்போர்ட்டோடு பொருந்தாவிட்டாலோ விண்ணப்பம் திரும்பிவிடும்.

இங்கே நம் பெண்களுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. போன் நம்பரும் மின்னஞ்சலும் கேட்பார்கள். இரண்டுக்கும் ரகசிய எண் வரும். அதைப் போட்டால்தான் மேலே போகும். நாம் என்ன செய்கிறோம்? எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர் நம்பரையோ மகன் நம்பரையோ கொடுத்துப் பழகிவிட்டோம். அந்த போன் குவைத்தில் இருக்கும். செய்தி அங்கே போகும். அவர் வேலையில் இருப்பார். நமக்குத் தகவல் தெரிவதற்குள் நாள் ஓடிவிடும். ஆகவே உங்கள் கையில் இருக்கிற போனின் நம்பரையே கொடுங்கள். உங்கள் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கிக்கொள்ளுங்கள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை பத்து நிமிஷத்தில் செய்து கொடுத்துவிடும்.

விண்ணப்பத்தை அரசு விசாரித்துத்தான் ஏற்கும். வழக்கு வியாஜ்யம் ஏதும் நிலுவையில் இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும். எங்கள் தாலுகாவில் கூடங்குளம் அணு உலைப் போராட்டத்தின்போது ஏராளமான பேர் மீது வழக்குப் போட்டார்கள். அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே மாதத் தீர்ப்பில் கூறியது. அப்படி ஏதாவது வழக்கில் பெயர் இருந்திருந்தால், அது முடிந்துவிட்டது என்பதற்கான நகலை வாங்கிப் பத்திரமாக வைத்திருப்பது பாஸ்போர்ட்டுக்கும் நல்லது, இதற்கும் நல்லது.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் செய்தி வரும். அதன் பிறகு கைரேகையும் முகமும் பதிய வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு நாள் அலைய வேண்டியதில்லை. அடுத்த முறை பிரயாணம் போகும்போது விமான நிலையத்திலேயே கொடுக்கலாம். வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலும் கொடுக்கலாம். நான் மகள் வீட்டுக்குப் போகும்போது கொடுத்துவிட்டேன். இந்தப் பதிவு அதிகபட்சம் ஐந்து வருஷம் செல்லும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியானால் பதிவும் அத்துடன் முடிந்துவிடும். அதனால் பாஸ்போர்ட் முடிய ஒரு வருஷம்தான் இருக்கிறது என்றால், முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு இதற்கு எழுதுவது புத்திசாலித்தனம்.

தேய்ந்த விரல்கள்

கைரேகை பதிகிற விஷயத்தில் நம்மைப் போன்ற குடும்பப் பெண்களுக்கு ஒரு சிக்கல் வரும். ரேஷன் கடையில் பெருவிரலை வைத்தால் இயந்திரம் 'ஏற்கவில்லை' என்று காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி, நம் விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிடுகின்றன. பீடி சுற்றுகிறவர்களுக்கும், பனை ஓலையிலும் நாரிலும் பெட்டி முடைகிறவர்களுக்கும் கேட்கவே வேண்டாம். வயதாக ஆகத் தோல் மெலிந்து வரிகள் இன்னும் மங்கிப்போகும்.

இதற்கு நான் செய்தது இதுதான். பதிவுக்கு மூன்று வாரம் முன்பிருந்தே இரவில் படுக்கப் போகும்போது விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவி நீவினேன். துணி துவைக்கும் பொடியைக் கையால் கரைக்காமல் குச்சியால் கரைத்தேன். பாத்திரம் துலக்கும்போது ரப்பர் உறை போட்டுக்கொண்டேன். போகிற அன்று எண்ணெய்ப் பசை இல்லாமல் கைகளைக் கழுவித் துடைத்துக்கொண்டேன். விரல் ரொம்பவும் வறண்டிருந்தால் நெற்றியில் ஒரு தடவை தேய்த்துவிட்டு வைத்தால் பதிகிறது. எனக்கு முதல் தடவை பதியவில்லை. இரண்டாம் தடவை அப்படித்தான் பதிந்தது. பிரயாணத்துக்கு முன் விரல் நுனியில் மருதாணி இட்டுக்கொள்ள வேண்டாம். சில கருவிகளுக்கு அது தடையாகலாம். கையில் கரப்பான், வெடிப்பு இருப்பவர்கள் தோல் வைத்தியரிடம் காட்டி ஆற்றிக்கொண்டு போவது நல்லது.

மருந்தாலும் ரேகை அழிவதுண்டு. கேபசிடபைன் என்ற புற்றுநோய் மருந்து சிலருக்கு உள்ளங்கைத் தோலைச் சிவக்கவும் உரியவும் செய்யும். சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் இந்த மருந்தைச் சாப்பிட்டு வந்தார். 2008-ல் அமெரிக்காவுக்குப் போனபோது அவருக்குக் கைரேகையே இல்லை என்று நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவருடைய டாக்டர் இதை 2009-ல் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். இப்படிப்பட்ட மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கூறிய யோசனை. நம் வீட்டில் யாருக்காவது அந்தச் சிகிச்சை நடந்தால் இதை மறக்கக்கூடாது.

பெயர்ப் பிரச்னை

தமிழர்களான நமக்குப் பெயரில் எப்போதும் தொல்லைதான். இன்ஷியல் ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. கல்யாணத்துக்கு முன் அப்பா பெயர், பிறகு வீட்டுக்காரர் பெயர். இயந்திரத்துக்கு நம் சமாதானம் எல்லாம் புரியாது. பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியேதான் விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு விசிட் விசாவில் போகும் பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட், டூரிஸ்ட் விசாக்காரர்களை ஏற்பதில்லை என்று அந்த நாடு 2022 நவம்பரில் அறிவித்தது. 'பேச்சியம்மாள்' என்று மட்டும் போட்டு, குடும்பப் பெயர் இடத்தைக் காலியாக விட்ட பாஸ்போர்ட் நம் பக்கம் ஏராளம். அப்படியிருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே விசாரித்து, வேண்டுமானால் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவில் விண்ணப்பித்துத் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தினால் புதுப் பாஸ்போர்ட் வரும். ஆகவே முதலில் பெயர், பிறகு விரைவு வழிப் பதிவு. இந்த வரிசை மாறக்கூடாது.

வாசலில் நடப்பது என்ன?

பதிவு முடிந்தவர்களுக்கு விமான நிலையத்தில் தனிக் கதவுகள் இருக்கின்றன. போர்டிங் பாஸைக் காட்ட வேண்டும். பிறகு பாஸ்போர்ட்டை அதற்குரிய கண்ணாடி மேல் வைக்க வேண்டும். அதன் பின் நாம்தானா என்று இயந்திரம் ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் கதவு தானே திறந்துகொள்ளும். கதவு திறந்துவிட்டால் இமிக்ரேஷன் முடிந்தது என்று பொருள். முப்பது விநாடியில் ஆகிவிடும் என்று அரசு சொல்கிறது. எனக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்ததையும் சேர்த்துக்கூட இரண்டு நிமிஷம் ஆகவில்லை.

இங்கிலீஷ் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். யாரும் கேள்வி கேட்பதில்லை. முன்பு வெளிநாடு புறப்படும்போது ஒரு கார்டை இங்கிலீஷில் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேனா வைத்திருப்பவரைத் தேடி, 'தம்பி, கொஞ்சம் எழுதிக் கொடுப்பா' என்று எத்தனை தாய்மார்கள் கெஞ்சியிருக்கிறார்கள்! இந்தியர்களுக்கு அந்தக் கார்டு 2017 ஜூலை முதல் தேதியோடு போயிற்று. இப்போது இந்தக் கதவு வந்திருக்கிறது. நம் கையால் நாமே காரியத்தை முடித்துக்கொண்டு போகிறோம் என்பது ஒரு தைரியம்தான்.

உடம்புக்கும் இது நல்லது. வரிசையில் நிற்கும்போது கழிப்பறைக்குப் போக முடியாதே என்று பயந்து, விமானத்தில் தண்ணீரே குடிக்காமல் வரும் பெண்கள் அநேகம். வீட்டுக்கு வந்ததும் நீர்க்கடுப்பு என்று அவதிப்படுவார்கள். உட்கார்ந்தே வந்து வீங்கிய காலோடு மறுபடியும் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பது மூட்டுவலிக்காரர்களுக்குத் தண்டனை. சர்க்கரை உள்ளவர்களுக்கோ சாப்பாட்டு நேரம் தவறிப்போகும். நிற்கவே முடியாத பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே விமானக் கம்பெனியிடம் சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எது ஆகாது?

இந்த வழியில் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்து ஏமாறக் கூடாது. இது விசா அல்ல. விசா இல்லாதவரை எந்தக் கதவும் விடாது. பெட்டி போடும் வரிசையும், உடல் சோதனையும், சுங்கச் சோதனையும் எப்போதும் போலத்தான். ஆகவே மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேருகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். திருவனந்தபுரம் போகிறவர்களுக்கு ஒரு விசேஷக் குறிப்பு: பத்மநாப சுவாமி ஆறாட்டு ஊர்வலம் வருஷத்தில் இரண்டு தரம், பங்குனியிலும் ஐப்பசியிலும், விமான ஓடுபாதை வழியாகத்தான் கடலுக்குப் போகும். அன்றைக்கு மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படும். டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

'டிஜி யாத்ரா' என்று ஒன்று இருக்கிறதே, அதில் பதிந்திருக்கிறேனே என்று சிலர் சொல்வார்கள். அது வேறு. 2022 டிசம்பரில் வந்த அது உள்நாட்டு விமானங்களில் போகிறவர்களுக்கு, முகத்தைக் காட்டி நிலையத்துக்குள் நுழைவதற்கானது. இமிக்ரேஷனுக்கு உதவாது.

கதவை ஒவ்வொருவராகத்தான் கடக்க முடியும். ஆகவே கைக்குழந்தையோடு வரும் மகள் அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டியிருக்கும். அவளைத் தனியே விட்டுவிட்டு நீங்கள் முன்னால் வந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். பிரயோஜனம் உண்டு. நீங்கள் முதலில் வெளியே வந்து பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டால், அவள் வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

பெட்டியைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. மகளின் பேறுகாலத்துக்கு மருந்துப் பொடியும் மசாலாவும் இடித்துக்கொண்டு போகிறோம். அதில் கசகசா ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காதீர்கள். அமீரகத்திலும் மற்ற பல வளைகுடா நாடுகளிலும் அதைப் போதைப்பொருளாகக் கருதுகிறார்கள். சிங்கப்பூரிலும் அனுமதியில்லை. பதிவு பெற்ற நல்ல பயணி என்பதெல்லாம் அங்கே உதவாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும்.

அந்தக் கரையில்

நம் நாட்டுப் பதிவு நம் நாட்டு வாசலுக்கு மட்டும்தான். போய் இறங்கும் நாட்டில் அவர்கள் முறைப்படிதான் நடக்க வேண்டும். துபாயில் குடியிருப்பு விசா உள்ளவர்கள் ஸ்மார்ட் கேட் வழியாகப் போய்விடுகிறார்கள். குடும்ப விசாவில் இருக்கும் பெண்கள் அதை உபயோகிக்கத் தயங்க வேண்டாம். சிங்கப்பூரில் வெளிநாட்டவர்களும் தானியங்கி வழியில் போக முடிகிறது. ஆனால் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலியானது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் 'குளோபல் என்ட்ரி'யில் 2017 முதல் இந்தியர்களும் சேரலாம். அதற்கு 2024 அக்டோபரிலிருந்து 120 டாலர் கட்டணம். நேர்முக விசாரணையும் உண்டு. ஐந்து வருஷம் செல்லும். வருஷா வருஷம் பிள்ளை வீட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். எப்போதோ ஒரு தரம் போகிறவர்களுக்கு வீண் செலவு.

கடைசியாக ஒரு சந்தேகம். கைரேகையையும் முகத்தையும் இப்படிக் கொடுத்துவைப்பது சரியா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். நியாயமான கேள்விதான். இதில் சேருவது கட்டாயமில்லை. பழைய வரிசை இன்னும் இருக்கிறது. ஆதாருக்கும் விசாவுக்கும் ஏற்கெனவே பத்து விரலையும் கொடுத்தாயிற்று, இதற்கும் கொடுக்கலாம் என்பது என் முடிவு. மனம் ஒப்பாதவர்களை யாரும் வற்புறுத்த முடியாது. ஆனால் அரசாங்கத் தளத்தைத் தவிர வேறு எவருக்கும் பாஸ்போர்ட் நகலையோ ரகசிய எண்ணையோ கொடுக்கக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

திட்டம் திருவனந்தபுரத்துக்கு வந்த சமயத்தில் நாடு முழுவதும் சுமார் மூன்று லட்சம் பேர் இதில் சேர்ந்திருந்தார்களாம். எங்கள் தெருவில் விசாரித்தேன். வளைகுடாவில் இருக்கும் ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் சேரவில்லை. "எனக்கு எதுக்குக்கா?" என்றாள் ஒருத்தி. கையில் பிள்ளையும் தோளில் பையும் முழங்காலில் வலியுமாக நிற்பது அவள்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்று அங்கிருந்து ஓடிவர வேண்டியிருப்பதும் அவள்தான்.

ஆகவே சகோதரிகளே, இந்த வாரம் ஒரு மத்தியானம் கிடைக்கும்போது பீரோவைத் திறந்து உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். எந்த வருஷம் முடிகிறது, பெயர் எப்படி இருக்கிறது, விலாசம் சரியா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மாமியாருடையதையும் பிள்ளைகளுடையதையும் கூடவே பாருங்கள். திருத்த வேண்டியதைத் திருத்திக்கொண்டு விண்ணப்பத்தைப் போடுங்கள். இன்று இரவே விரல் நுனிக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்துவிடலாம்.